உரிமையாளர் சம்மதம் பெறப்பட்டது

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணிக்கு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிவிட்டார்களா?

இரண்டு மின்னஞ்சல் போட்டேன். இரண்டுக்கும் சேர்த்து 'தபாலில் எழுது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. போனில் கூப்பிட்டால், "ஆபீஸ்ல இருக்கேன் பாப்பா, லெட்டர் போடு" என்று வைத்துவிட்டீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிச் சேமிப்பகத்தையே கட்டிக் காக்கிறவர் தங்கையைத் தபால்தலை ஒட்டச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டேன். பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் என் ஃபோல்டர்தான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் மறுபடி பேசப் பழகியதை உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஆறு வருஷம் பதிவு செய்தேனே, இருநூற்றுப் பதினான்கு பேர். வேலை முடிந்து வந்த பிறகும் வெளியாள் கணக்கில் திறக்கலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போன வாரம் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிறது. வெளியே பிரதி எடுக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நானும் ஒன்றுகூட எடுத்து வரவில்லை.

இங்கே நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அந்தப் பதிவுகள் என் பொறுப்பில் இருக்கின்றன என்று ஜூன் கடைசிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆறு வருஷமாக நான் என்ன செய்தேன் என்பதற்கு என் வாய் வார்த்தைதான் சாட்சி.

இன்னொன்று. தையல்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், எதைக் கேட்டாலும் 'போதும்' என்று மட்டுமே பதினோரு மாதம் சொன்னவர். பிறகு ஒருநாள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போன மாதம் இறந்துவிட்டார். "அந்த ஒரு நாளை மட்டும் எனக்குக் குடும்மா" என்று அந்த அம்மா கேட்கிறார். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்லுங்கள். அண்ணிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

பாப்பா


பிப்ரவரி 21

என் அருமைத் தங்கச்சி பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

வீட்டில் அனைவரும் நலம். முழங்கால், படியைக் கண்டால் மட்டும் என்னைத் திட்டுகிறது. குட்டிக்குப் பரீட்சை நெருங்குகிறது. வீடே பரீட்சை எழுதுகிறது. உனக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா? ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருக்காதே.

தபால் ஏன் என்று கிண்டல் செய்திருக்கிறாய். இந்த ஆபீஸிலிருந்து போகும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஏழு வருஷம் அழியாமல் கிடக்கும். கிடக்க வைப்பதே நான்தான். உன் அண்ணன் தும்மினால்கூட எங்கேயோ தேதி, நேரத்தோடு பதிவாகும். காகிதம் என்றால் படித்தோம், கிழித்தோம், தீர்ந்தது.

இனி உன் விஷயம். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எங்களிடம் இரண்டு கட்டம் உண்டு. ஒன்றில் உரிமையாளர் பெயர். மற்றதில் வாடகை எந்தக் கணக்கில் போகும் என்ற எண். உன் ஆராய்ச்சி நிதி தீர்ந்ததும் உன் எண் மூடிப்போனது. வாடகைக்கு ஆள் இல்லாத ஃபோல்டருக்கு எங்கள் அறையில் 'அனாதை' என்று பேர். அனாதைக்குத் தொண்ணூறு நாள்தான் ஆயுசு, பிறகு அழித்துவிடுவோம். உன்னுடையது அழியவில்லை. முதலில் அதற்குச் சந்தோஷப்படு.

வாடகை இப்போது வேறு கணக்கில் போகிறது. வருஷத்துக்கு ஒருமுறை 'இது உங்களுடையதா? ஆம் / இல்லை' என்று உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும். அறுபது நாளில் பதில் வராவிட்டால், யார் வாடகை கொடுக்கிறாரோ அவர் பெயருக்குக் கணினி தானாகவே மாற்றிவிடும். உனக்கான மின்னஞ்சல் இங்கிருந்த உன் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அதைத்தான் நீ கிளம்பிய மறுநாளே மூடிவிட்டார்களே. அவ்வளவுதான் நடந்தது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நான் பார்க்கிறேன்.

பதினெட்டு வருஷம் கழித்து, கண்காணிப்பாளர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. நல்லது நடக்கும் என்று நினைத்துக்கொள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதவிச் செய்தி உண்மையிலேயே சந்தோஷம். உங்களுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'வாடகை வேறு கணக்கில் போகிறது' என்கிறீர்கள். யாருடைய கணக்கில்? அந்த எண்ணைப் போட்டது யார்? உரிமையாளர் பெயரைக் கணினி தானாக மாற்றும், சரி. கணக்கு எண்ணையுமா தானாக மாற்றும்? என் எண் மூடிய பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொரு எண்ணைத் தட்டியிருக்க வேண்டுமே.

சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டு, "டம்ளர் உடைஞ்சு போச்சும்மா" என்று போய் நிற்பீர்கள். அது தானாகவே குதித்து உடைந்ததுபோல. ஏனோ ஞாபகம் வந்தது.

தும்மினால்கூடப் பதிவாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவைப் பார்த்து ஒரு பெயர் சொல்லுங்கள், போதும். தையல்காரரின் மனைவி இரண்டு முறை போன் செய்துவிட்டார். இன்னும் நாலு மாதம்கூட இல்லை, அண்ணா.

அண்ணியிடம் மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 26

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அண்ணிக்குக் காய்ச்சல், குட்டிக்குப் பரீட்சை, ஆபீஸில் வருஷக் கணக்கு முடிப்பு. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து கழுத்தைப் பிடித்தன. இப்போது எல்லோரும் தேவலை. நீ மெலிந்திருப்பாய் என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

நீ கேட்ட பெயர்: உன் பழைய துறைத் தலைவர்தான், எல்லோரும் ஐயா என்று கூப்பிடுவோமே, அவர். வாடகை அவர் கணக்கில் போகிறது. ஆகவே இப்போது உரிமையாளரும் அவரே. நல்ல மனிதர், பாப்பா. அன்றைக்கு லிஃப்டில் பார்த்தபோதுகூட, "தங்கச்சி நல்லா இருக்காளா?" என்று விசாரித்தார். பதவி உயர்வுக் குழுவில் அவரும் ஒருவர்; அது வேறு விஷயம். நீ போனில் மரியாதையாகக் கேட்டால் திறந்துவிடுவார். எடுத்ததும் சண்டைக்குப் போகாதே. உன் நாக்கு எனக்குத் தெரியும்.

நீ கேட்ட கணினிப் பதிவைப் பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டும். இப்போது கேட்டால் நன்றாக இருக்காது.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்


மே 8

அண்ணாவுக்கு,

அண்ணிக்குக் காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி. எனக்குத் தலைவலி மட்டும்தான், அதற்குக் காரணமும் தெரியும்.

ஐயாவிடம் பேசினேன். நீங்கள் சொன்னபடி மரியாதையாகவே.

"ஐயா, அந்த ஃபோல்டரை என் பேருக்குத் திருப்பித் தரணும்."

"எந்த ஃபோல்டர்மா? துறையோட ஃபோல்டரா?"

"நான் எடுத்த பதிவுகள்ங்க ஐயா. ஆறு வருஷம் வார்டு வார்டா அலைஞ்சு எடுத்தது."

"எடுத்தது நீதான், யாரு இல்லன்னா? ஆனா ஒரு வருஷமா வாடகை யாரு கட்டறது? நீதானே சம்மதம் குடுத்து மாத்தின?"

"நான் எப்பங்க ஐயா சம்மதம் குடுத்தேன்?"

"படிவத்துல இருக்கேம்மா. 'உரிமையாளர் சம்மதம் பெறப்பட்டது'ன்னு டிக் போட்டிருக்கு. உங்க அண்ணன்கிட்டயே கேளு. அவருக்குத் தெரியாததா?"

அவர் குரலில் கோபமே இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அண்ணா, என் காதில் பூ சுற்ற வேண்டாம். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. அந்த டிக் போட்டது யார்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். முழங்கால், வெயில், தண்ணீர் எல்லாம் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பாப்பா


ஜூன் 14

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்காதே என்றாய். விசாரிக்கவில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். சட்டையைத் துவைக்க எடுத்தபோது அண்ணி படித்துவிட்டாள். "ஒண்ணு நீங்க எழுதுங்க, இல்லன்னா நான் எழுதறேன்" என்று எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

டிக் போட்டது நான்தான்.

அன்று காலை, மறுநாள் அழிக்க வேண்டிய பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அதில் உன் ஃபோல்டர். உனக்குப் போன் போட்டேன்; ரயிலில் இருந்தாய், கிடைக்கவில்லை. வேறு ஒரு கையெழுத்துக்காக ஐயா வந்து நின்றார். பட்டியலைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அழியணும்? என் கணக்குல போட்டுடுங்க" என்றார். கும்பிடாத குறைதான் எனக்கு. படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. டிக் போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஒரு நாளைக்கு நாற்பது படிவம் போடுகிறோம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம். உனக்கும் அப்படித்தான் போட்டேன். உன்னைக் காப்பாற்றியதாகத்தான் அன்று நினைத்தேன். சத்தியமாக.

பிறகு சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எதிரில் இவள் இருப்பதால் முடியவில்லை. மறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஐயா, "உங்க பேரு எங்க குழுவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அந்த எண்ணை எடுத்துவிட்டு வேறு வழி தேட எனக்கு மனசு வரவில்லை. இது உங்களுடையதா என்று கேட்கும் மின்னஞ்சல் என் மேஜை வழியாகத்தான் போனது. மூடிப்போன முகவரிக்குப் போகிறது என்று தெரியும். ஒரு போன் போட்டிருந்தால் நீ 'ஆம்' என்று சொல்லியிருப்பாய். அறுபது நாள் இருந்தது. போடவில்லை.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூலை 5

அண்ணாவுக்கு,

அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஜூன் போய்விட்டது. வேலை வேறொருவருக்குப் போயிற்று. நேர்காணலில் ஒருவர் ஒரு கட்டுரையைத் தூக்கிக் காட்டி, "இதே வேலையை இவர் செஞ்சு முடிச்சிட்டாரே, நீங்க இவர்கிட்ட உதவியாளரா இருந்தீங்களா?" என்று கேட்டார். ஐயாவின் கட்டுரை. இருநூற்றுப் பதினான்கு பேரும் அதில் இருக்கிறார்கள். தையல்காரர் 'நோயாளி 41' ஆகியிருக்கிறார். அவர் மனைவியைக் கூப்பிட்டதுகூட எத்தனையாவது நிமிஷம் என்று போட்டிருக்கிறது. என் பெயர்தான் எங்கேயும் இல்லை. நன்றி சொன்ன பட்டியலில் சேமிப்பகப் பிரிவுக்கு ஒரு வரி இருக்கிறது.

அறுபது நாள், அண்ணா. நீங்கள் ஒவ்வொரு நாளும் ஆபீஸ் போய் வந்தீர்கள். இடையில் என்னோடு போனில் பேசினீர்கள். குட்டியின் பல் வலி பற்றி அரை மணி நேரம் பேசினோம். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

பல்கலைக்கழகத்தின் புகார்க் குழுவுக்கு எழுதினேன். பதில் வந்தது. சம்மதம் தரவில்லை என்று நான் சொன்னால் மட்டும் போதாதாம். டிக் போட்டவர், கேட்காமல் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் உரிமையைத் திருப்புவார்களாம். செப்டம்பர் 30 கெடு. அதன் பிறகு அது ஐயாவுக்கே நிரந்தரம்.

ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு எழுதியதில் பாதிகூட வேண்டாம். வேலை போனது போகட்டும், அடுத்த இடத்தில் காட்டவாவது அது என் பேரில் இருக்கட்டும்.

பாப்பா


ஆகஸ்ட் 24

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. அண்ணி இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

கண்காணிப்பாளர் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. தனி அறை. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம். குட்டியின் காலேஜ் படிப்பு இப்போதுதான் ஆரம்பம். கேட்காமல் டிக் போட்டேன் என்று எழுதினால் உன் ஒரு ஃபோல்டரோடு நிற்காது, பாப்பா. இத்தனை வருஷம் நான் போட்ட ஒவ்வொரு டிக்கையும் தோண்டுவார்கள். மற்றவர்களும் மாட்டுவார்கள். பென்ஷன் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பேன். நீ படித்தவள், சின்ன வயது, இன்னொரு இடம் கிடைக்கும். எனக்குக் கிடைக்குமா? நீயே சொல்.

சும்மா இருக்கவில்லை. தையல்காரர் பதிவை மட்டுமாவது தரும்படி ஐயாவிடம் கேட்டேன். அது நோயாளிகளின் அந்தரங்கம், உரிமையாளர் என்ற முறையில் அனுமதிக்க முடியாது என்றார்.

அந்த ஜூன் கடிதத்தைக் கிழித்துவிட்டாய்தானே? அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் மேல் எப்போதும் அக்கறையுள்ள
அண்ணன்


செப்டம்பர் 18

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. இதோடு இருக்கிறது, பாருங்கள்.

இதை நானே குழுவுக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை உறையில் போட்டு முகவரியும் எழுதினேன். இரண்டு முறையும் திரும்ப எடுத்துவிட்டேன். உங்கள் மேல் இரக்கம் என்று நினைக்க வேண்டாம். இரக்கப்படும் நிலையில் நான் இல்லை. உங்கள் வேலை, உங்கள் பென்ஷன், குட்டியின் படிப்பு எல்லாவற்றையும் தொடுகிற காகிதம் இது. உங்களைக் கேட்காமல், சம்மதம் பெறப்பட்டது என்று நானே ஒரு டிக் போட்டுக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. அந்த வித்தை நம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

ஆகவே உங்களிடமே அனுப்புகிறேன். இதற்கு உரிமையாளர் நீங்கள்தான். கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தபால் ஐந்து நாளில் வந்துவிடும். புகார்க் குழுவின் அறை உங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, முழங்காலுக்குச் சிரமம் இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களோடு நானும் நிற்பேன். குட்டியின் படிப்புக்கு என் சம்பளத்தில் பாதி தருகிறேன். நான் வாயால் சொல்வதை நீங்கள் நம்பலாம். கொடுக்காவிட்டால், கொடுக்க மாட்டேன் என்று எழுதுங்கள். அதையும் தாங்கிக்கொள்வேன். ஆம் அல்லது இல்லை. நீங்கள் எல்லோரையும் வருஷாவருஷம் கேட்கிற கேள்விதான்.

பாப்பா


அக்டோபர் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம். அண்ணிக்கு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். முழங்காலுக்கு ஒரு புதுத் தைலம் கிடைத்திருக்கிறது, உனக்கும் ஒரு புட்டி அனுப்புகிறேன்.

உன் உறையைப் பற்றி என்ன சொல்ல? மழையில் தபால் எல்லாம் தாறுமாறு. என் கைக்கு அக்டோபர் 2-ஆம் தேதிதான் வந்தது. பிரித்துப் படித்து உட்கார்ந்துவிட்டேன். கெடு முடிந்து இரண்டு நாள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் நேரே மூன்றாவது மாடிக்குத்தான் போயிருப்பேன். என்ன செய்ய, நமக்கு வாய்த்தது அப்படி. குழுவின் கதவை மூடியபின் தட்டி யாருக்கு என்ன லாபம்? அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இனி இருவருக்கும் அது ஒரு பாரமாக இருக்க வேண்டாம்.

நடந்ததை மறந்துவிடு. நாம் இரண்டே பேர்தான். புது அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது. விடுமுறைக்கு வா, காட்டுகிறேன். குட்டி அத்தை எப்போது வருவாள் என்று நச்சரிக்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


அக்டோபர் 21

அண்ணாவுக்கு,

தையல்காரரின் மனைவியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அந்த நாள் இனி என்னிடம் இல்லை, வாங்கித் தரவும் என்னால் முடியாது என்று. "போதும்மா, விடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செப்டம்பர் 18 கடிதத்தைப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். தொலைந்துவிடக் கூடாது என்ற பயத்தில், ஒப்புகை அட்டையும் இணைக்கச் சொல்லியிருந்தேன். உறையின் முதுகில் ஒட்டியிருந்த சின்ன அட்டை. தபால்காரர் கையெழுத்து வாங்கிக் கிழித்துக்கொள்வது. உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனையோ கையெழுத்துப் போடுகிறவர்.

அந்த அட்டை செப்டம்பர் 28-ஆம் தேதியே எனக்கு வந்துவிட்டது. பெற்றுக்கொண்ட நாள் 23 என்று எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. கடைசியில் ஒரு கோட்டை இழுத்து விடுவீர்களே, அது உட்பட. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரம் உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தேன். 'இல்லை' என்று எழுதுவீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதம் உங்களுடையது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த அட்டை என்னுடையது. இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

தைலம் அனுப்ப வேண்டாம்.